லெப்டினன்ட் மாமாங்கம்

மாமாங்கம் அண்ணையை எனக்குச் சென் ஜேம்ஸ் ரவுண் காலத்திலிருந்து தெரியும். கனடாவுக்கு வந்த புதிதில் ரொறன்ரோவின் அந்தப் பகுதியில் ஓர் உயரக் கட்டடத்தில் நாங்கள் நாலு பேர் ஒரே அறையில் இருந்தோம். மூன்று பேர் யாழ்ப்பாணம், அவர் மட்டும் மட்டக்களப்பு. அமிர்தகழியில் பிறந்தவர் என்பதால் அங்குள்ள மாமாங்கக் கோயிலின் பெயரையே பிள்ளைக்கும் வைத்துவிட்டார்கள். ‘பிறகு’ என்பதற்கு அவர் சொல்லும் ‘மறுகா’வைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். ஆட்களையே நாங்கள் ‘அவை, இவை’ என்பதைக் கேட்டு அவர் சிரிப்பார். எல்லோரோடும் ஒட்டக்கூடிய மனிதர். ஆனால் யூனிபோம் போட்ட ஒருவரையும் அவரால் நேரே பார்க்க முடியாது. பொலிஸ் என்றில்லை, கட்டடத்துச் செக்கியூரிற்றிப் பெடியன் எதிரே வந்தாலும் அவருடைய கண் தரைக்குப் போய்விடும்.

காரணத்தை அவர் ஒருமுறைதான் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு ஊர்ச்சனம் அகதிகளாகத் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஆமி வந்து இளம் பெடியங்களைப் பிரித்து பஸ்ஸில் ஏற்றியது. அதில் அவருடைய தம்பி ஜனார்த்தனனும் ஒருவன். வந்த ஒபிசர் மரியாதையாகத்தான் பேசினானாம். விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்று தாயிடம் தமிழிலேயே சொன்னானாம். தாய் பிறகு எத்தனையோ முறை முகாம் வாசலுக்குப் போனா. போகப் போகப் பிள்ளையைக் கேட்பதையும் விட்டுவிட்டா. அவன் கடைசியாக என்ன சொன்னான், அதை மட்டும் யாராவது சொல்லுங்கோ என்று நின்றா. ஒருவரும் சொல்லவில்லை.

அவர் மனோரஞ்சிதத்தைக் கலியாணம் செய்து, பிறகு மோர்னிங்சைட்டில் ஒரு ரவுண்ஹவுஸ் எடுத்துக் குடியேறினார். நானும் அவரும் ஒரே கொம்பனியில் ஸ்கூல் பஸ் ஓடத் தொடங்கினோம். ஒரே மகள் தக்ஷிகா. இங்கே தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகும். ஆகவே அவள் பள்ளிக்கூடத்தில் தக்ஷிகா மாமாங்கம்.

பன்னிரண்டு வயதில் அவளைக் கடேற் என்ற சிறுவர் படைப்பயிற்சி வகுப்பில் சேர்த்தது மனோரஞ்சிதம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போனார்கள், வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளை வீட்டில் ரிவிக்கு முன்னால் கிடக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தா, அவ்வளவுதான். மாமாங்கம் அண்ணை கொண்டுபோய் விடுவார், ஆனால் உள்ளே போகமாட்டார். கார் தரிப்பிடத்தில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருப்பார். மகள் பளபளத்த சப்பாத்தோடு வந்து ஏறுவாள். இது விளையாட்டு, யூனிவேர்சிற்றிக்குப் போனால் விட்டுவிடுவாள் என்று என்னிடம் சொல்வார்.

அவள் விடவில்லை. மேற்படிப்புக்கு இங்கிலாந்துக்குப் போனாள், அங்கேயே ஒரு வேலையும் எடுத்தாள். பிறகு ஒருநாள் வீடியோக் கோலில் வந்து, பிரிட்டிஷ் ஆமியில் ஒபிசர் பயிற்சிக்குத் தன்னைத் தெரிவு செய்துவிட்டார்கள் என்றாள். தகப்பன் வேண்டாம் என்றார், கெஞ்சினார், கோபப்பட்டும் பார்த்தார். “அப்பா, இது அந்த ஆமி இல்லை” என்று அவள் சொன்னாள்.

“மகள், எல்லா ஆமியும் ஏதோ ஒரு வீட்டுக்கு அந்த ஆமிதான்.”

அவளுக்கு அது விளங்கியிருக்கும். ஆனால் இருபத்தாறு வயதுப் பிள்ளையை எந்தத் தகப்பன் மறிக்கலாம்? மனோரஞ்சிதம் முதலில் அழுதா. பிறகு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் அருச்சனை செய்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினா. பயிற்சி முடிந்த அணிவகுப்புக்கு இருவரும் போய்வந்தார்கள். எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். கனக்கச் சப்பாத்துகள் பார்த்தேன் என்றார் மாமாங்கம் அண்ணை.

அவள் சேர்ந்தது ரொதர்பி ஹுசார்ஸ் என்ற குதிரைப்படை றெஜிமென்ட். அடுத்த முறை வந்தபோது அந்தப் படையின் வரலாற்றுப் புத்தகம் ஒன்றைத் தகப்பனுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். தலையணை மாதிரிப் பாரமான புத்தகம். அவரை விட நான்தான் அதைக் கூடப் பார்த்தேன். முந்நூறு வருசத்துக்கு முன்னர் ஒரு பிரபு, கடற்கரையில் கள்ளச் சாராயம் இறக்குகிறவர்களைப் பிடிக்க என்று தன் காணியில் இருந்தவர்களைக் குதிரையில் ஏற்றியதுதான் தொடக்கமாம். பிறகு கூலி கேட்டுக் கூடிய நெசவாளர்களைக் கலைக்கப் போனார்கள். பிறகு ஸ்பெயின், இந்தியா என்று போகாத இடமில்லை. போன இடங்களின் பெயரெல்லாம் கொடியில் தைத்திருந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முதலே குதிரைகளை விட்டுவிட்டார்கள். இப்போது கூரையில்லாத உயரமான யுத்த வண்டிகள். ஆனாலும் தங்களைக் குதிரைப்படை என்றுதான் சொல்வார்கள்.

படங்கள்தான் விசேசம். ஆதியில் கடும்நீலச் சட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே விலா எலும்புபோல வரிசையாகத் தங்கப் பின்னல். ஒரு தோளில் மட்டும் கொழுவிய, மயிர்த்தோல் கரை வைத்த இன்னொரு சட்டை. கரடித்தோல் தொப்பி, காலோடு ஒட்டிய காற்சட்டை, குதிரையை உந்தச் சப்பாத்தின் குதியில் மாட்டும் குதிமுள். பிறகு காக்கி, பிறகு கறுப்பு பெரே தொப்பி. கடைசிப் பக்கங்களில் ஒபிசர்மாரின் படங்கள், மீசையோடும் வேட்டை நாயோடும். தாத்தா, தகப்பன், மகன் என்று ஒரே குடும்பப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இனி இந்த வரிசையில் மாமாங்கம் என்றும் ஒரு பெயர் வரும் என்று நான் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சாதாரணச் சிப்பாய்களின் பெயர்கள் எந்தப் பக்கத்தில் என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். செத்தவர்களின் தொகை இருந்தது, பெயர் இல்லை.

இரவு விருந்துகளுக்குப் போடும் உடுப்பில் அவள் எடுத்த ஒரு படத்தை மனோரஞ்சிதம் வட்சப்பில் எல்லோருக்கும் அனுப்பினா. அதே நீலச் சட்டை, அதே தங்கப் பின்னல், குதிரையில்லாத காலிலும் குதிமுள். லண்டன் தமிழ்ப் பத்திரிகை ஒன்று ‘ஆங்கிலேயக் குதிரைப்படையில் ஈழத்தமிழ்ப் பெண்’ என்று அதைப் போட்டது. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த ஒரு பெடியன் அதைப் பார்த்தான். பெயர் யூட்சன். தகப்பன் வின்சன்ற், தாய் பேர்ணடெற். பேசாலைப் பக்கத்துக் குடும்பம். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு ஒரு கடையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவன், ஆட்சேர்க்கும் இடத்துக்குப் போய், வேறு றெஜிமென்ட் வேண்டாம், இதுதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். ஒரு வருசத்தில் தக்ஷிகாவின் துருப்பிலேயே சிப்பாயாக வந்து சேர்ந்தான். மற்றச் சிப்பாய்களுக்கு மாமாங்கம் என்று சொல்ல நாக்குப் புரளாது. அவன்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தானாம். அதைத் தக்ஷிகா ரெலிபோனில் சொல்லிச் சிரித்தது மனோரஞ்சிதத்துக்கு நல்ல ஞாபகம்.

அது ஒக்ரோபர் மாதம். காலை ஓட்டத்தில் நின்றோம். எங்கள் பஸ்களில் ஒருவருக்குச் சொல்வது எல்லோருக்கும் கேட்கும் ரேடியோ இருக்கிறது. பஸ்களை அனுப்பும் டிஸ்பாச்சில் இருந்த நிலாணி என்ற பிள்ளை திடீரென்று தமிழில் கூப்பிட்டாள்.

“மாமாங்கம் அங்கிள், நீங்கள் ஓக்கேயா? அன்ரி எடுத்து அழுகிறா. மாமாங்கத்துக்கு அக்சிடென்ற் எண்டு ஆரோ போன் எடுத்ததாம்.”

“எனக்கு ஒண்டுமில்ல புள்ள. பிள்ளைகளோட நிக்கிறன்.” பிறகு அவர் மெல்லக் கேட்டார். “ஆர் எடுத்ததாம்?”

“இங்கிலீஷ்காரர் ஒருத்தராம், அங்கிள். இங்லண்ட் நம்பராம்.”

அவர் ரேடியோவை வைத்துவிட்டார். பஸ் நிறையச் சின்னப் பிள்ளைகள். இடையில் விட்டுவிட்டு ஓட முடியாது. மீதித் தரிப்புகள் எல்லாவற்றிலும் நிறுத்தி, கதவைத் திறந்து, பிள்ளைகளை ஏற்றி, பள்ளிக்கூடத்தில் இறக்கினார். நான் போய்ச் சேர்ந்தபோது வெறும் பஸ்ஸில் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். ரெலிபோன் மடியில் கிடந்தது. எடுக்கக் கை வரவில்லை என்றார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

எடுத்தது றெஜிமென்டின் மேஜர் ஒருவர். லெப்டினன்ட் மாமாங்கம் விபத்தில் சிக்கினார், உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறார். புருசனின் பெயரும் அக்சிடென்ற் என்ற சொல்லும் சேர்ந்து வந்ததோடு மனோரஞ்சிதத்துக்கு வேறொன்றும் காதில் ஏறவில்லை. வேல்ஸ் மலைப்பக்கப் பயிற்சியில், காட்டுப் பாதையில் வண்டி கவிழ்ந்திருக்கிறது. தக்ஷிகாவுக்குக் காறை எலும்பும் விலா எலும்பும் முறிவு. சாரதி தப்பிவிட்டான். பின்னால், வண்டியில் பூட்டிய துவக்கடியில் நின்ற யூட்சன் வண்டிக்குக் கீழே அகப்பட்டு அந்த இடத்திலேயே செத்துப்போனான்.

காயம் ஓரளவு மாறியதும் அவளை லீவில் ரொறன்ரோவுக்கு அனுப்பினார்கள். கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி வந்து, மேல் அறைக்குள் போனவள்தான். விசாரணை முடியும்வரை செத்த பிள்ளையின் குடும்பத்தோடு எந்தத் தொடர்பும் வைக்கக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தாராம். பிரேத பரிசோதனையால் பிந்திப்போன செத்தவீட்டுக்கும் அவள் போகவில்லை. அதைத்தான் மாமாங்கம் அண்ணையால் தாங்க முடியவில்லை. எங்கள் சனத்தில் பகைக்காரன் வீட்டில் நடந்தாலும் செத்தவீட்டுக்குப் போகாமல் விடுவதில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

தமிழருடைய செத்தவீடு என்றபடியால் நேரலை போட்டார்கள். நானும் அன்று அவர்கள் வீட்டில் இருந்தேன். மிச்சத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயில், தமிழ்ப் பாட்டு, சேலை கட்டிய பெண்கள். அதற்கு நடுவே கடும்நீல உடுப்பில் ஆறு வெள்ளைக்காரப் பெடியங்கள் பெட்டியைத் தோளில் வைத்து வந்தார்கள். மேலே கொடி, கொடிக்கு மேலே அவனுடைய தொப்பியும் பெல்ற்றும். அவர்கள் கால் வைக்கும்போதெல்லாம் குதிமுள் கிலுங்கும் சத்தம் பாட்டுக்குள்ளாலும் கேட்டது. புத்தகத்தில் பார்த்த அதே உடுப்புத்தான். பேர்ணடெற் எழும்பி வந்து கடைசிப் பெடியனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டா. இழுக்கவில்லை, அடிக்கவில்லை, பிடித்தபடி நடந்தா. அவன் நேரே பார்த்தபடி அழுதான். திரும்பிப் பார்க்க அவனுக்கு அனுமதியில்லை. தக்ஷிகா படிக்கட்டில் இருந்து பார்த்துவிட்டு எழும்பி மேலே போய்விட்டாள். மாமாங்கம் அண்ணை அன்று தலையைக் குனியவில்லை. முடியும்வரை பார்த்தார்.

சில நாள் கழித்து, யாரிடமோ விசாரித்து வின்சன்ற்றின் நம்பரை எடுத்தார். மகளுக்குச் சொல்லவில்லை. மதியம், இரண்டு ஓட்டத்துக்கும் இடையில், தன் பஸ்ஸுக்குள் என்னையும் இருக்கச் சொல்லி, ரெலிபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

“நான் ரொறன்ரோவில இருந்து மாமாங்கம் கதைக்கிறன். தக்ஷிகாட அப்பா.”

வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். பிறகு, சொல்லுங்கோ என்று ஒரு குரல் வந்தது.

“சொல்ல ஒண்டுமில்ல தம்பி. துக்கம் விசாரிக்க எடுத்தன்.”

வின்சன்ற் சத்தம் போடவில்லை. சத்தம் போடச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள், தனக்கு வரவில்லை என்றார். மகன் பத்திரிகையில் வந்த படத்தை வெட்டித் தன் அறைக் கதவில் ஒட்டியிருந்ததைச் சொன்னார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன் என்றார். கடைசியில் ஒன்று கேட்டார்.

“உங்கட மகள் பக்கத்தில இருந்தவதானே, அண்ணை. அவன் கடைசியா என்ன சொன்னவன் எண்டு கேட்டுச் சொல்லுவியளோ? தாய் அதையே கேட்டுக்கொண்டு இருக்கிறா.”

கேட்டுச் சொல்கிறேன் என்றார் மாமாங்கம் அண்ணை. ரெலிபோனை வைத்த பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, “எங்கட அம்மாவும் இதைத்தான் கேட்டவ” என்றார்.

அன்று பின்னேரமே மகளிடம் கேட்டார். அவள் சொல்லமாட்டேன் என்றாள். பிறகு, தன்னாலும் தனியே வைத்திருக்க முடியாமல்போலச் சொன்னாள். பாதை ஒடுக்கம். எதிரே வந்த வண்டிக்கு விலத்த வேண்டியிருந்தது. இடப்பக்கம் பார்க்க அவன்தான் வசதியாக நின்றான். இடது கிளியரா என்று இவள் கேட்டாள். கிளியர் மாம் என்றான். புல் மூடியிருந்த கரை, மழையில் ஊறிப்போயிருந்தது. அரைவாசிக்குத்தான் அவர்கள் ஒதுங்கினார்கள். கரை அப்படியே இறங்கிவிட்டது.

“அவன்ர பிழை இல்லை அப்பா. ஆருக்கும் அது தெரிஞ்சிருக்காது. நான்தான் கொமாண்டர், நான்தான் ஓடர் குடுத்தன். ஆனா இதை இப்ப அவையிட்டச் சொன்னா, தன்ர வாயாலயே செத்தவன் எண்டுதானே அந்த அம்மா நினைப்பா?”

விசாரணை முடியும்வரை யாருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். அவர் எனக்குச் சொன்னார். எனக்காவது சொல்லாவிட்டால் அவருக்கு நெஞ்சு வெடித்திருக்கும்.

காயம் ஆறியதும் அவள் திரும்பிப் போய்விட்டாள். வின்சன்ற் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து எடுக்கத் தொடங்கினார். முதலில் அந்தக் கேள்வி. இன்னும் சொல்ல விடுகிறார்கள் இல்லை என்பார் மாமாங்கம் அண்ணை. அது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. பிறகு வேறு கதை. பேர்ணடெற்றின் சீனி வருத்தத்துக்குப் போடும் ஊசி, மிச்சத்து மழை, இங்கே கொட்டும் சினோ. சில நாள் வின்சன்ற் மகனின் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லுவார். அண்ணையோடு கதைத்தால் கொஞ்சம் இலேசாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாராம். அன்று மாமாங்கம் அண்ணை சாப்பிடவில்லை என்று மனோரஞ்சிதம் என்னிடம் வந்து சொன்னா. எடுக்காமல் விடுங்கோ என்றேன். பிள்ளையைப் பறிகுடுத்தவன் எடுக்கிறான், எப்படி எடுக்காமல் விடுற என்று கேட்டார். உண்மையைச் சொல்லிவிடுங்கோ என்று இன்னொரு நாள் சொன்னேன். மகளுக்குக் குடுத்த சத்தியத்தை என்ன செய்யிற என்று கேட்டார்.

விசாரணை ஒரு வருசத்துக்கு மேல் இழுத்தது. தனி ஒருவர் மேலும் பிழை இல்லை, பாதையைப் பற்றிய எச்சரிக்கை போதாது என்று முடிவு வந்தது. றெஜிமென்டின் கேணலும் பாதிரியாரும் நேரே மிச்சத்துக்குப் போய், வரவேற்பறையில் இருந்து, எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒளிக்காமல் சொன்னார்கள். அந்தக் கிளியரையும் சொன்னார்கள். யூட்சனின் பெயரை றெஜிமென்டின் சிற்றாலயச் சுவரில் பொறிப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிறு வின்சன்ற் எடுத்தார். நான் பக்கத்தில் இல்லை. மாமாங்கம் அண்ணை பிறகு சொன்னதுதான்.

“உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“தெரியும், தம்பி.”

“தெரிஞ்சுகொண்டுதான் இவ்வளவு நாளும் என்னோட கதைச்சனியள்.”

“ஓம்.”

அவ்வளவுதான். வின்சன்ற் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மாமாங்கம் அண்ணை இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்த்தார், மணி போய்க்கொண்டே இருந்தது.

தக்ஷிகாவுக்குத் தண்டனை எதுவும் இல்லை. இந்த வசந்தத்தில் கப்டன் ஆக்கிவிட்டார்கள். தோளில் மூன்றாவது நட்சத்திரத்தோடு எடுத்த படம் வந்தது. மனோரஞ்சிதம் இந்த முறை ஒருவருக்கும் அனுப்பவில்லை. படையை விடச் சொல்லி மாமாங்கம் அண்ணை கேட்டார். இப்போது விட்டால் யூட்சனை விட்டுவிட்டு ஓடியதுபோல இருக்கும் என்று அவள் சொன்னாள்.

போன மாதம் அவள் மிச்சத்துக்குப் போனாள். யூனிபோம் இல்லாமல், முன்கூட்டிச் சொல்லாமல். பேர்ணடெற் கதவைத் திறந்து, யாரென்று தெரிந்து, உள்ளே விட்டா. வின்சன்ற் வேலைக்குப் போயிருந்தார், அல்லது மேலே இருந்தும் இறங்கி வரவில்லை. அந்த அம்மா தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தா. இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். யூட்சனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இவள் குடித்து முடித்ததும் அந்த அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இவள் எழும்பி வந்துவிட்டாள்.

இதை மாமாங்கம் அண்ணை எனக்குச் சொன்னது பஸ் நிறுத்துமிடத்தில், பின்னேர ஓட்டத்துக்கு முன்னால். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“தேத்தண்ணி குடுத்தாவெண்டா, என்னெண்டு எடுக்கிற? மன்னிச்சிட்டா எண்டா? இல்லாட்டி, வீட்டுக்கு வந்த ஆளுக்குக் குடுக்கிற முறைக்குக் குடுத்தாவா?”

எனக்குத் தெரியாது அண்ணை என்றேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார்போலத் தலையாட்டினார். நேரமாகிவிட்டது என்று நிலாணி ரேடியோவில் கூப்பிட்டாள். இருவரும் அவரவர் பஸ்ஸில் ஏறினோம்.